மேற்குப் பாதி உனக்கு

பொய் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. அன்று ஆபீசில் காப்பி வரும்வரை அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

எங்கள் ஆபீசர் தில்லைநாயகம் அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். அங்கே கடற்கரையோரப் பங்களாவில், உப்புக் காற்றில், ரோஜாத் தோட்டம் போட்டவர் என்று அவருக்குப் பெயர். சங்கரன்கோவிலுக்கு வந்ததும் முதல் காரியமாக ஜன்னலைத் திறந்தார். மேஜைமேல் இருந்த காகிதங்கள் எல்லாம் எழுந்து நின்று அவரை வரவேற்றன. சில காகிதங்கள் வாசல் தாண்டியும் போயின. நான்தான் துரத்திப் பிடித்தேன். அது வைகாசி மாதம். காற்று அப்போது ஒத்திகைதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னவே இது! கடக்கரையிலகூட இப்படி இல்லையே," என்றார். "இந்த ஊர்ல எவனாவது ஒரு பூச்செடி வைக்க முடியுமா?"

"எங்க வீட்ல இருக்கு சார்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஊரைப் பற்றி அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. அதைத் துடைக்க வேண்டும்போல் இருந்தது. துடைத்துவிட்டேன்.

"பூந்தோட்டமா?"

"பூந்தோட்டம்தான் சார்."

"அட! ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வீட்டுக்காரியோட கோயிலுக்கு வருவேன். அப்படியே உம்ம தோட்டத்தையும் பாத்திருவோம்."

அந்த நிமிஷத்தில் எங்கள் புறக்கடையில் இருந்தவை: ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், கல்லின்மேல் ஒரு காக்கை.

சிரிக்காதீர்கள். நான் தற்காலிகக் குமாஸ்தா. எங்கள் வம்சத்தில் பி.ஏ. என்று இரண்டு எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள். பட்டம் வந்த அன்று என் அப்பா அதைச் சொந்தக் கிராமமான பனவடலிசத்திரம் முழுக்கக் காட்டினார். மனிதர்கள் தீர்ந்து போனபின் எங்கள் எருமைகளுக்கும் காட்டினார். இந்த ஆபீசர் எனக்காக மேலே ஒரு வரி எழுதி அனுப்பினால் நான் நிரந்தரம். எழுதாவிட்டால் அதே எருமைகளிடம் திரும்பிப் போக வேண்டும். அவை என் பட்டத்தை மறந்திருக்காது என்பதுதான் என் பயம்.

ஆகவே தபசுக்குள் பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். நாணயஸ்தனுக்கு வேறு என்ன வழி?

என்னிடம் ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. காலேஜில் படிக்கும்போது திருநெல்வேலி ஜங்ஷன் நடைபாதையில் வாங்கியது. கடற்கரை வீடுகளில் காற்றைத் தாங்கும் தோட்டம் போடுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி எழுதியது. காற்று எங்கே அடித்தாலும் காற்றுதானே? அந்தப் புத்தகத்துக்கு வேண்டியதெல்லாம் எங்கள் ஊரில் இருந்தது. கடல் ஒன்றுதான் குறை.

'உப்பைத் தாங்குமா என்று பார்த்துச் செடியைத் தேர்ந்தெடு' என்று சீமாட்டி எழுதியிருந்தாள். நான் எதையும் முறைப்படி செய்கிறவன். ஒரு கனகாம்பரச் செடி வாங்கி, உப்பைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். செடி தாங்கவில்லை.

என் மனைவி ஆறுமுகத்தாய் கருகிப்போன செடியைப் பார்த்தாள். பிறகு உப்புச் சாடியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருந்திய," என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். ஆபீசர், பொய், தபசு, எருமை எல்லாம் சொன்னேன். ஆறுமுகத்தாய் குலசேகரன்பட்டினத்துப் பெண். கடலைப் பார்த்து வளர்ந்தவள். எதைக் கேட்டாலும் சட்டென்று பதற மாட்டாள். அதனால் எங்கள் வீட்டில் அவள் பங்குக்கும் சேர்த்து நான் பதறுவது வழக்கம்.

"பூந்தோட்டமா? அது எதுக்கு?"

"பாக்கதுக்கு."

"பாத்து?"

"பாத்து… சந்தோசப்படதுக்கு."

"வெண்டைக்காயப் பாத்தா அழுகை வருமோ உங்களுக்கு?"

"ஏட்டி, படிச்சவன் வீட்டுத் தோட்டத்துல திங்கிற செடி இருக்கப்பிடாது."

"அப்ப படிச்சவன் வீட்டு அடுப்புல என்னத்த வைக்கது? குரோட்டன்ஸ் கூட்டா?"

"ஆபீசர் வந்து பாக்கும்போது வெண்டைக்காய் தொங்குனா என்ன நினைப்பார்?"

"பறிச்சுக் குடுத்தா வாங்கிட்டுப் போவாவ."

"அது லஞ்சம்!"

"வெண்டைக்காயா?"

"எதுவானாலும்! ஆபீசர் வீட்டுக்கு நம்ம வீட்டிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடப் போகக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

"சரி, போகாது. எனக்குப் பாதி எடம் விடுங்க. நான் காய்கறி போட்டுக்கிடுதேன்."

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. சீமாட்டி இன்னொன்றும் எழுதியிருந்தாள். காற்று வருகிற பக்கம் முதலில் உயரமான செடிகளை வரிசையாக வைக்க வேண்டும். அவை அடியை வாங்கிக்கொள்ளும். அவற்றின் மறைவில் பூச்செடிகள் சுகமாக வளரும். எங்கள் ஊரில் காற்று மேற்கே மலைப்பக்கமிருந்து வருகிறது. ஆக, மேற்குப் பாதியில் இருப்பவர் அடி வாங்குவார். கிழக்குப் பாதியில் இருப்பவர் பூப் பறிப்பார்.

"ஆறுமுகத்தாய்," என்றேன். குரலில் பெருந்தன்மை வழிந்தது. "மேற்குப் பாதி உனக்கு."

"நெசமாவா?"

"நெசமா. கெணத்துப் பக்கம். நல்ல பாதி."

"பெறகு மாறப்பிடாது."

"நான் வாக்கு மாறுகிறவனா?"

"சரி," என்றாள். பேரமே பேசவில்லை. புடவைக்கடையில் பாதி நாள் பேரம் பேசுகிறவள் பேசாமல் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறபோது சந்தேகம் வராது.

தென்காசியிலிருந்து ரயிலில் செடிகள் வந்தன. குரோட்டன்ஸ், கல்வாழை, சூரியகாந்தி, தொட்டியில் ஒரு ரோஜா. கிழக்குப் பாதியில் கயிறு பிடித்து நேர்க்கோட்டில் நட்டேன். ஆபீசில் கோடு போட்ட கை. ஒரு செடிகூட வரிசை தப்பவில்லை.

காற்றின் ஒத்திகை முடிந்தது. வைகாசிக் கடைசியில் அரங்கேற்றம்.

மேற்குப் பாதியைப் பார்த்தேன். ஆறுமுகத்தாய் அங்கே ஒரு புல்லைக்கூட வைக்கவில்லை. வழவழவென்று பெருக்கி வைத்திருந்தாள். மலையிலிருந்து புறப்பட்ட காற்று வழியில் எங்கும் தங்காமல் நேரே என் குரோட்டன்ஸுக்கு வந்து சேர்ந்தது.

"என்னட்டி, ஒண்ணும் நடலையா?"

"நடணும்."

"எப்ப?"

"என் பாதிதானே? எனக்கு எப்பத் தோணுதோ அப்ப."

மறுநாள் காலையில் கிழக்குச் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுத் தங்கப்பழம் அண்ணாச்சி. ஆடு வளர்க்கிறவர்.

"தம்பி, நேத்து ஒரு கல்வாழ வந்துச்சு. ஆடு நல்லா தின்னுச்சு. இன்னைக்கு என்ன அனுப்புதிய?"

"நான் எங்க அண்ணாச்சி அனுப்புதேன்? காத்துல்லா கொண்டு வருது."

"எதுல வந்தா என்ன, ஆடு வாழ்த்துது. அந்தப் பெரிய மஞ்சப் பூவு எப்ப வரும்?"

சூரியகாந்தி அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. பனை ஓலை வாங்கி, ஓர் இடுக்கு இல்லாமல் பின்னி, என் எல்லையில் ஒரு தட்டி நிறுத்தினேன். கோட்டைச் சுவர் மாதிரி நின்றது. காற்று வந்தது. தட்டியில் முட்டியது. மேலே ஏறிக் குதித்து முன்னைவிடக் கோபமாக என் செடிகள்மேல் விழுந்தது. இரண்டாம் நாள் அவ்வளவு தூரம் குதிக்க அலுத்துப்போய்த் தட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"தம்பி!" சுவருக்கு மேல் தலை. "உங்க தட்டி எங்க ஆட்டுத் தொழுவுக்குக் கூரையா வந்து உக்காந்திருக்கு. கச்சிதமா இருக்கு. வாடகை கிடகை கேக்க மாட்டியளே?"

அன்று நான் ஆறுமுகத்தாயின் முன்னால் போய் நின்றேன். அவள் புளி உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ மேக்கால ஏதாவது நட்டாத்தான் என் செடி பிழைக்கும்," என்றேன்.

"ஓகோ. அதுக்குத்தான் மேக்குப் பாதியக் குடுத்தியளோ?"

நான் பொய் சொல்வதில்லை. அதனால் அவள் உருட்டி வைத்த புளியை எண்ணத் தொடங்கினேன்.

"குருட்டுத் தட்டி கெட்டுனா காத்து குதிக்கத்தான் செய்யும்," என்றாள். "எங்க ஊர்ல சின்னப்பிள்ளைக்குத் தெரியும். காத்த நிறுத்தப்பிடாது, சல்லடையில சலிக்கணும். அகத்தி வைக்கேன். ஆனா எனக்குக் குழி வெட்ட முதுகு முடியாது."

"நான் வெட்டுதேன்."

"தண்ணி எறைக்க?"

"நான் எறைக்கேன்."

"காலையில ஆபீசுக்கு நேரமாயிட்டுன்னு சொல்லப்பிடாது."

"சொல்ல மாட்டேன்."

இப்படியாக நான் மேற்குப் பாதியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதுவும் தற்காலிகமாகத்தான்.

அகத்தி முளைத்தது. ஆனால் இளங்குருத்து காற்றுக்குத் தாங்காதாம். அது பெரிதாகும்வரை சாய்ந்து நிற்கச் சோளம் வேண்டுமாம். சோளத்துக்கு என் பாதியில் ஓரமாக ஒரு பாத்தி கேட்டாள். கொடுத்தேன். பிறகு சோளத்தின் காலடியில் மண் பறக்கிறது என்று கொத்தவரை விதைத்தாள். கொத்தவரைக்கு இடம் போதவில்லை என்று இன்னொரு பாத்தி. ஒவ்வொரு செடியும் தனக்குப் பக்கத்தில் ஒரு துணை கேட்டது. துணைகள் எல்லாம் கிழக்கு நோக்கியே வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தேசத்தைப் பிடித்த விதம் எனக்குக் காலேஜில் புரியவில்லை. புறக்கடையில் புரிந்தது.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். வந்ததும் பாயசம் வைத்தாள்.

"என்னட்டி விசேஷம்?"

"அகத்தி நல்லாத் துளுத்திருக்குல்லா, அதான்."

அகத்திக்கெல்லாம் பாயசமா என்று நினைத்தேன். இரண்டாவது டம்ளர் வந்தது. நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

இருந்தாலும் ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்தது. என் எல்லைக்குள் ஒரு பாத்தி நிறைய வெண்டை முளைத்திருந்தது. யாரைக் கேட்டு? நேராகப் போய்க் குனிந்து ஒரு நாற்றைப் பிடித்தேன்.

"ஐயையோ, தொடாதிய!" அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "கோயில் புத்து மண்ணு போட்டு விதைச்சிருக்கேன். பிடுங்குனியன்னா நீங்கதான் கோமதியம்மனுக்குப் பதில் சொல்லணும்."

கையை எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் உடம்புக்கு வந்தாலும் கோயில் புற்றுமண், வீட்டில் பூச்சி பொட்டு வந்தாலும் புற்றுமண். ஆபீசருக்குப் பயப்படுகிறவன் அம்மனுக்குப் பயப்பட மாட்டானா?

ஆனால் வீடு வந்து சேருவதற்குள்… நான் வீட்டில்தான் இருந்தேன். புறக்கடையிலிருந்து முற்றத்துக்கு வந்து சேருவதற்குள் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவள் ஆயுதம் எனக்கும் கிடைக்குமே! மறுநாள் ஆபீசுக்குப் போகும் வழியில் கோயிலுக்குப் போனேன். ஒரு பொட்டலம் புற்றுமண் எடுத்து வந்து, மிச்சமிருந்த குரோட்டன்ஸ் ஒவ்வொன்றின் அடியிலும் அவள் பார்க்கும்படி போட்டேன்.

"இனி இத எவளும் தொட முடியாது," என்றேன், காற்றைப் பார்த்து.

ஆறுமுகத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்ல காரியம். அப்ப நேந்துட்டியளா?"

"என்னத்த?"

"அம்மன் மண்ணு போட்ட செடியில மொதப் பலன் அம்மனுக்குத்தானே? தபசன்னைக்குச் சப்பரத்துல சூறை விடணும். எல்லாரும் பருத்தி வீசுவாவ, வத்தல் வீசுவாவ, கம்பு வீசுவாவ. நான் வெண்டைக்காயும் கொத்தவரையும் எடுத்து வச்சிருவேன். உங்க குரோட்டன்ஸு என்ன காய்க்கும்?"

நான் யோசித்தேன். குரோட்டன்ஸ் எதுவும் காய்ப்பதாகச் சீமாட்டி எழுதவில்லை.

"எலையக் கிள்ளி வீசுதேன்."

"வீசுங்க. ஊரே வெள்ளாமைய வீசும்போது நீங்க மட்டும் சொறி புடிச்ச எலைய வீசுங்க. சப்பரத்துக்குப் பக்கத்துலதான் உங்க ஆபீசர் நிப்பாவ."

அன்றைக்குச் சாயங்காலம் குரோட்டன்ஸை நானே என் கையால் பிடுங்கினேன். அந்தக் குழிகளில் மிளகாய் நாற்று வைத்தேன். புற்றுமண் சும்மா போகக் கூடாதல்லவா? பிடுங்கியதைத் தங்கப்பழம் அண்ணாச்சி சுவருக்கு மேலே கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.

மிஞ்சியது தொட்டி ரோஜா ஒன்று. அதில் ஒரே ஒரு மொட்டு. அதைக் கிணற்றடியில் அகத்தி மறைவில் வைத்துக் காவல் காத்தேன். பூந்தோட்டம் என்று சொன்னேன். ஒரு பூவாவது இருந்தால் சொன்னது முழுப் பொய் ஆகாது. மற்ற நேரத்தில் குழி, தண்ணீர், களை, எரு. எப்போதாவது அலுத்து உட்கார்ந்தால் ஆறுமுகத்தாய் மெதுவாகச் சொல்வாள்: "ஆபீசர் வருவாவ. பாத்துக்கிடுங்க." உடனே என் கண்முன் எருமைகள் வரும். மண்வெட்டியை எடுத்துக்கொள்வேன். உள்ளங்கை காய்த்துவிட்டது. தோட்டத்தில் நானே உண்டாக்கிய முதல் காய்ப்பு அதுதான்.

தபசு வந்தது. ஊர் நிறைய ஜனம். ஆபீசரும் அவர் மனைவி காந்திமதியம்மாளும் மத்தியானமே வந்துவிட்டார்கள். நான் இரவெல்லாம் ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பெண்கள் இருவரும் அடுப்படிப் பக்கம் போனார்கள். நான் ஆபீசரைப் புறக்கடைக்கு அழைத்துப் போனேன். தூக்குமேடைக்கு வழிகாட்டிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி நடந்தேன்.

வெளியே காற்று ஊளையிட்டது. உள்ளே சாந்தம். அகத்தி என் தலைக்குமேல் நின்று காற்றைச் சலித்தது. அதன்கீழ் வெண்டை, கொத்தவரை, மிளகாய், கீரை. ஆபீசர் ஒவ்வொரு பாத்தியாக நின்று பார்த்தார். கடைசியில் ரோஜாத் தொட்டிக்கு முன் வந்து நின்றார். மொட்டு அன்று காலைதான் மலர்ந்திருந்தது.

"சார்," என்றேன். "நான் சொன்னது பொய் சார். பூந்தோட்டம் இல்லை. இது ஒண்ணுதான் பூ. மேற்குப் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். பிறகு…"

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உமக்கு ஒரு தொட்டியாவது விட்டு வச்சிருக்காளே வே," என்றார். "தூத்துக்குடியில எனக்கு அதுவும் இல்ல. ரோஜாத் தோட்டம்னு ஊரெல்லாம் பேரு. உள்ள பூராவும் முருங்கை. நானும் மேற்குப் பாதியத்தான் குடுத்தேன்."

இரண்டு பேரும் குனிந்து அந்த ஒற்றைப் பூவை முகர்ந்து பார்த்தோம். ஆபீசர், குமாஸ்தா என்ற வித்தியாசமே இல்லை.

தைரியம் வந்தது. "சார், என் வேலை விஷயம்…"

"அதுக்கென்ன?"

"இந்தப் பொய்யால நிரந்தரம் ஆகாமப் போயிருமோன்னு…"

"என்னவே உளறுதீரு? உம்ம வேலை சுத்தமா இருக்குன்னு ஆனி மாசமே எழுதி அனுப்பியாச்சு. மேலேயிருந்து சரின்னும் வந்தாச்சு. கையெழுத்தான தாள் வரத் தாமசம், அவ்வளவுதான். ஆபீசுல நான் வாயத் திறக்கக் கூடாது. ஆனா என் வீட்டுக்காரி உம்ம வீட்டுக்காரிகிட்ட கோயில்ல வச்சுச் சொல்லிட்டேன்னாளே? வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே பிரகாரம் சுத்துதாவ?"

எனக்குப் பாயச ஞாபகம் வந்தது. இரண்டு டம்ளர்.

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். காந்திமதியம்மாள் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்கள்.

"அகத்திக்குப் பக்கத்துல சோளம். சோளத்துக்குப் பக்கத்துல கொத்தவர. நான் சொன்ன மாதிரியே கொண்டு போயிருக்கியே மக்கா," என்றார்கள்.

"புத்து மண்ணு மட்டும் என் யோசனை அக்கா," என்றாள் ஆறுமுகத்தாய், அடக்கமாக. பிறகு குனிந்தாள். என் ரோஜாவைக் கிள்ளினாள். காந்திமதியம்மாளின் கொண்டையில் வைத்தாள். கறிவேப்பிலைகூடப் போகக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தில் ரோஜாவைச் சேர்க்க மறந்திருந்தேன்.

அவர்கள் கோயிலுக்குப் புறப்பட்டு வாசல் தாண்டியதும் நான் ஆறுமுகத்தாயைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலை நிரந்தரம்னு ஆனி மாசமே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறமும் ஏன் சொல்லலை? ஆடி பூராவும் நான் பயந்து செத்தேனே!"

அவள் சூறை விடுவதற்காக வெண்டைக்காயை முந்தியில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்லியிருந்தா மம்பட்டியத் தொட்டிருப்பியளா?"

பூ இல்லாத ரோஜாத் தொட்டியை என் கையில் கொடுத்தாள்.

"இந்த மொட்டைச் செடியப் பிடுங்கிட்டு இதுல பொதினா வைக்கலாம். நாளைக்குக் கொஞ்சம் எரு கொண்டாங்க."

அந்த ஆடியில் எனக்கு இரண்டு வேலைகள் நிரந்தரமாயின. ஒன்றுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை லீவு.